புகையைப் பிடிப்பதா, புகையே வராமல் செய்வதா? ஒரு டன்னுக்கு என்ன செலவு?

தூத்துக்குடியில் இருக்கும் இரண்டு புகைபோக்கிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே இந்தக் கணக்கில் பாதி புரிந்துவிடும்.

ஒன்று, தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் நிலக்கரிக் கொதிகலன். அதன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்து சோடா ஆஷ் (சலவைச் சோடா) தயாரிக்கும் ஏற்பாடு 2016-ல் வந்தது. தொழில்நுட்பம் லண்டனில் இருந்து நடக்கும் கார்பன் கிளீன் நிறுவனத்துடையது. அதைத் தொடங்கியவர்கள் காரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு பேர். அரசு மானியம் எதுவும் இல்லாமல், டன்னுக்கு 30 டாலரில் முடிகிறது என்று அவர்கள் சொன்னதும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் தூத்துக்குடி பக்கம் திரும்பின.

இன்னொன்று, அதே ஊரின் அனல்மின் நிலையம். 210 மெகாவாட் யூனிட் ஐந்து வைத்துக் கட்டியது. ஐந்தும் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் இரண்டரைக் கோடி யூனிட் மின்சாரம் வரும். நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு என்பது கைக்கணக்கு. ஆக, நாளொன்றுக்கு 25,000 டன். ஆல்கலி ஆலை வருஷம் முழுக்கப் பாடுபட்டுப் பிடிப்பதை மின்நிலையம் இரண்டரை நாளில் வெளியே விட்டுவிடும்.

'முதலாவது புகைபோக்கியில் நடந்ததை இரண்டாவதிலும் செய்தால் போயிற்று' என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. காசுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. இரண்டு புகையும் ஒரே நிலக்கரியில் இருந்து வந்தாலும், ஒன்றில் வாயுவை வாங்க ஆள் இருக்கிறது, மற்றதில் இல்லை.

முதலில் அடர்த்தியைப் பார்க்கலாம். இதை உப்பளத்தில் வேலை பார்த்தவர்களிடம் விளக்க வேண்டியதே இல்லை. தூத்துக்குடி உப்பளங்களில் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தியில் விடுவார்கள். கடல்நீரைவிட அதில் உப்பு கூட, சீக்கிரம் விளையும், செலவும் குறைவு. கரியமில வாயுவும் அதே மாதிரிதான். எத்தனால் ஆலையின் நொதிகலனிலிருந்து வருவது ஏறக்குறைய முழுக்கவே கரியமில வாயு. சிமெண்ட் சூளைப் புகையில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். நிலக்கரிப் புகையில் 12 முதல் 14 சதவீதம். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் 0.04 சதவீதம். சர்வதேச எரிசக்தி முகமை 2021-ல் தந்த விலைப்பட்டியலும் இதே வரிசையில்தான் ஏறுகிறது. அடர்த்தியான வாயு என்றால் டன்னுக்கு 15 முதல் 25 டாலர். சிமெண்ட், மின்நிலையம் போன்றவற்றில் 40 முதல் 120. காற்றிலிருந்து நேரடியாகப் பிடிக்க 134 முதல் 342. இது பிடிக்கும் செலவு மட்டுமே. அழுத்தி, குழாயிலோ கப்பலிலோ கொண்டுபோய், பூமிக்குள் இறக்குவது தனி.

செலவு எங்கே போகிறது? புகையை 40 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து ஓர் உயரமான கோபுரத்தின் அடியில் விடுகிறார்கள். மேலிருந்து அமீன் கரைசல் மழை மாதிரி இறங்கும். புகையில் இருக்கும் கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். வாயுவைச் சுமந்த கரைசலை இரண்டாவது கோபுரத்துக்கு அனுப்பி, நீராவியால் 120 டிகிரி வரை சூடாக்கினால், ஒட்டியதை விட்டுவிடும். கரைசல் திரும்ப முதல் கோபுரத்துக்குப் போகும். இந்த நீராவியில்தான் காசு கரைகிறது. டர்பைனைச் சுற்ற வேண்டிய ஆவியைத் திருப்பிக் கரைசலைச் சூடாக்கக் கொடுக்கிறோம். மின்நிலையம் தயாரிப்பதில் 20 முதல் 30 சதவீதம் இதற்கும் வாயுவை அழுத்துவதற்குமே போய்விடும். தூத்துக்குடியில் ஐந்து யூனிட்டுக்கும் இதை மாட்டினால், ஒரு யூனிட் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும், தன் கூட்டாளிகளின் புகையைப் பிடிக்கவே ஓட வேண்டும்.

மின்சாரத்தில்

தாராளமாகவே கணக்குப் போடுவோம். எல்லாம் சேர்த்து டன்னுக்கு 50 டாலரில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 90 ரூபாய் என்றால் டன்னுக்கு 4,500 ரூபாய், கிலோவுக்கு நாலரை ரூபாய். யூனிட்டுக்கு ஒரு கிலோ என்பதால் மின்சாரத்தின் விலையில் யூனிட்டுக்கு நாலரை ரூபாய் கூடும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2,250 ரூபாய். இது புகைக்கு மட்டும். மின்சாரத்துக்கான காசு வேறு.

எதிர்ப்பக்கம் பாருங்கள். இந்தியாவில் சூரிய மின்சாரம் ஏலத்தில் யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய் அளவில் கிடைக்கிறது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசுக்கே கேட்டார்கள். 2024 டிசம்பரில், சேமிப்பு வசதியும் சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்ட மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழக ஏலத்தில் 3 ரூபாய் 52 காசு வந்தது. அதாவது, பழைய மின்சாரத்தின் புகையைப் பிடிக்கிற காசுக்கு, புகையே இல்லாத புது மின்சாரத்தை பேட்டரியோடு வாங்கிவிடலாம். மிச்சமும் இருக்கும்.

'சூரியன் ராத்திரி வராதே' என்ற கேள்வி நியாயமானது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் காற்று கைகொடுக்கும். மாலை நேரத் தேவையை பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஆனாலும் ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டு காற்றும் அடங்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களுக்கு நிலக்கரி இன்னும் பல காலம் வேண்டியிருக்கும். சரி, அப்படியானால் அந்தப் புகையையாவது பிடிக்கலாமே?

எனக்கு இதில்தான் பெரிய சிக்கல் தெரிகிறது. யாரும் இதை அதிகம் பேசுவதில்லை. பிடிப்பு ஆலை என்பது யானை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் தீனி போட்டாக வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸில் 2017 ஜனவரியில் தொடங்கிய பெட்ரா நோவா திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 100 கோடி டாலர் முதலீடு, ஆண்டுக்கு 14 லட்சம் டன் பிடிக்கும் திறன். முதலீட்டில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருஷமும் மீட்க வேண்டும் என்றால் 10 கோடி டாலர். டன்னுக்கு 71 டாலர். இதில் நீராவிக்கும் ஆட்களுக்கும் ஒரு காசுகூடச் சேர்க்கவில்லை. அதே ஆலை பாதி நேரம்தான் ஓடுகிறது என்றால் டன்னுக்கு 143. பகலில் சூரிய மின்சாரம் நிறைய வர வர, அனல்மின் நிலையம் ஓடும் நேரம் குறைந்துகொண்டேதான் போகும், போகவும் வேண்டும். எப்போதாவது ஓடும் நிலையத்தின் தலையில் எப்போதும் ஓடினால்தான் கட்டுப்படியாகும் இயந்திரத்தைக் கட்டுவது யாருக்கும் லாபமில்லை.

பெட்ரா நோவாவுக்கு 2020-ல் வேறு விதமாக அடி விழுந்தது. பிடித்த வாயுவைக் குழாய் வழியாக ஒரு பழைய எண்ணெய் வயலுக்கு அனுப்பி, அடியில் தங்கிப்போன எண்ணெயைத் தள்ளி எடுப்பதுதான் அதன் வருமானம். கொரோனா காலத்தில் எண்ணெய் விலை சரிந்ததும் மே மாதம் பிடிப்பை நிறுத்தினார்கள்; 2023-ல்தான் மறுபடி ஓடியது. கரியமில வாயுவைக் குறைக்கும் ஆலை பிழைப்பதற்கு எண்ணெய் விலை ஏற வேண்டும் என்ற விசித்திரம் வேறு எந்தத் தொழிலில் உண்டு?

கனடாவின் பவுண்டரி டேம் 2014-ல் வந்தது, பெரிய நிலக்கரி நிலையத்தில் உலகின் முதல் முயற்சி. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்று கட்டினார்கள். 50 லட்சம் டன்னைத் தொடவே எட்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கெம்பர் மின்நிலையத்தின் கதை இன்னும் மோசம்: 750 கோடி டாலரை விழுங்கிவிட்டு, 2017-ல் நிலக்கரித் திட்டத்தையே கைவிட்டு எரிவாயுவுக்கு மாறியது. முதல் ஆலைகள் என்பதால் தடுமாறின, பழகப் பழக விலை இறங்கும் என்பார்கள். சூரியத் தகட்டில் அது நடந்தது, ஏனென்றால் அவை தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. பிடிப்பு ஆலையோ ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனியாக அளவெடுத்துத் தைக்கும் சட்டை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 இறுதியில் போட்ட கணக்கில், 40 வருஷத்தில் இதன் விலை இறங்கியதற்கான தடயமே கிடைக்கவில்லை. கார்பன் பிடிப்பைப் பெரிதும் நம்பிப் போகும் பாதைக்கு, அதை அளவாகப் பயன்படுத்தும் பாதையைவிட 2050-க்குள் குறைந்தது 30 லட்சம் கோடி டாலர் கூடுதலாகும் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. காசு இருந்தால் சூரிய ஒளி, காற்று, பேட்டரி, மின்கம்பி. நிலக்கரிப் புகைபோக்கியில் போடாதீர்கள்.

சிமெண்டில் கதை வேறு

அரியலூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் கிளிஞ்சலும் கிடக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்கள் கரியமில வாயுவை ஓடாக மாற்றி அடைத்து வைத்துவிட்டுப் போயின. நாம் அதை 1,450 டிகிரி சூளையில் போட்டுத் திறந்து விடுகிறோம். சிமெண்ட் ஆலையிலிருந்து வரும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படிக் கல்லிலிருந்தே வருவது. சூளையை சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது வரத்தான் செய்யும். புகையே வராமல் செய்யலாமே என்ற வாதம் இங்கே பாதியில் நின்றுவிடுகிறது.

இங்கேயும் முதலில் மலிவான வேலையை முடிப்போம். சிமெண்டில் கெட்டது கிளிங்கர், சூளையிலிருந்து உருண்டை உருண்டையாக வரும் பொருள். அதைக் குறைத்து வேறு ஏதாவது கலந்தால் புகையும் குறையும். ஃப்ளை ஆஷ் கலந்த சிமெண்டைத்தான் நம் ஊர்க் கொத்தனார்கள் ஏற்கெனவே பூசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாம்பல் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது. நிலக்கரி குறைந்தால் சாம்பலும் குறையும் என்பது ஒரு சின்ன வேடிக்கை. அதற்கு மாற்றாக வந்திருப்பது சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலக்கும் எல்சி3 சிமெண்ட். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி ஐஐடிகளும் சேர்ந்து வளர்த்தது. 2023-ல் இந்தியத் தர நிர்ணயமும் கிடைத்துவிட்டது. கிளிங்கர் பாதி இருந்தால் போதும். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டாலே ஆயிற்று. சாதாரண சிமெண்டோடு ஒப்பிட்டால் 40 சதவீதம் வரை கரியமில வாயு மிச்சம். ஏற்கெனவே சாம்பல் கலந்த சிமெண்டோடு ஒப்பிட்டால் மிச்சம் அவ்வளவு இராது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இதற்குக் கோபுரமும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

அதற்கு மேலும் பாதி கிளிங்கர் மிஞ்சுகிறதே, அதற்குத்தான் பிடிப்பு ஆலை. நார்வேயின் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் 2025-ல் தொடங்கிய ஏற்பாடு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கிறது, அந்த ஆலை விடுவதில் பாதி. திரவமாக்கிக் கப்பலில் ஏற்றி, நார்வேயின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், கடலடியில் 2,600 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிறார்கள். செலவின் பெரும்பகுதி நார்வே அரசுடையது. எண்ணெய் விற்றுச் சேர்த்த பணம் இருக்கிறது, போடுகிறார்கள்.

நம் வீட்டு அளவில் இது என்ன? ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு, சாம்பல் கலந்ததாக இருந்தால், சுமார் 28 கிலோ கரியமில வாயு. பிடித்து, ஏற்றி, புதைக்க எல்லாம் சேர்த்து டன்னுக்கு 100 டாலர் என்று வைத்தால் மூட்டைக்கு 250 ரூபாய் கூடும். 350, 400 ரூபாய்க்கு விற்கும் மூட்டையில் 250 ரூபாய் ஏற்றினால் எந்தக் கம்பெனியும் சந்தையில் நிற்க முடியாது. ஆனால் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 400 மூட்டை போகும். கூடுதல் செலவு ஒரு லட்சம். வீடு கட்டி முடிக்க 25 லட்சம் ஆகிறது என்றால் அதில் 4 சதவீதம். ஜன்னல் கதவுக்குத் தேக்கா வேம்பா என்று முடிவு செய்வதிலேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்.

மின்சாரத்தையும் சிமெண்டையும் இதனால்தான் வேறு வேறு தட்டில் வைக்கிறேன். மின்சாரத்தில் டன்னுக்கு 50 டாலர் போட்டாலே வீட்டு பில் எகிறுகிறது, கையில் மலிவான மாற்றும் இருக்கிறது. சிமெண்டில் 100 டாலர் போட்டாலும் கட்டடத்தின் விலையில் அது கரைந்துவிடுகிறது, கல்லிலிருந்து வரும் வாயுவுக்கு வேறு வழியும் இல்லை. இடையில் இருக்கும் சிமெண்ட் கம்பெனிதான் மாட்டிக்கொள்கிறது. மெட்ரோ, பாலம், நெடுஞ்சாலை டெண்டர்களில் இத்தனை பங்கு குறைந்த கார்பன் சிமெண்ட் வேண்டும் என்று அரசே கேட்டால் அந்த முடிச்சு அவிழும். தூத்துக்குடிக்குத் தொழில்நுட்பம் தந்த அதே நிறுவனத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் ஆலை பற்றி டால்மியா சிமெண்ட் 2019-ல் அறிவித்தது. அறிவிப்பிலிருந்து கோபுரம் எழ வேண்டுமானால் அந்த 250 ரூபாயை யார் தருவார்கள் என்பது முதலில் முடிவாக வேண்டும்.

தருகிறவர் இருக்கும் இடத்தில் இந்தத் தொழில் எப்போதுமே நடந்திருக்கிறது. 1991-ல் நார்வே கார்பன் வரி போட்டது. அந்நாட்டுக் கடலில் இருக்கும் ஸ்லைப்னர் வயலின் எரிவாயுவில் 9 சதவீதம் கரியமில வாயு. விற்கவேண்டுமானால் அதை எப்படியும் பிரித்தே ஆகவேண்டும். பிரித்ததை மேலே விட்டால் வரி, கீழே விட்டால் வரியில்லை. 1996-ல் தொடங்கி, பல வருஷங்கள் ஆண்டுக்கு 10 லட்சம் டன் அளவில் கடலடிப் பாறைக்குள் போனது. அமெரிக்காவில் புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரிச்சலுகை, காற்றிலிருந்து பிடித்ததற்கு 180. நம் நாட்டில் 2023-ல் அறிவித்த கார்பன் வணிகத் திட்டத்தில் (இலக்குக்கு மேல் புகையைக் குறைத்தவர் சான்று விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும்) சிமெண்டும் உண்டு.

விற்றுப் பிழைப்பது

தூத்துக்குடி ஆலைக்கு வரியும் இல்லை, மானியமும் இல்லை. அங்கே வாயு என்பது சரக்கு. உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் சேர்ந்தால்தான் சோடா ஆஷ். ஆலையை நடத்தியவரே, தான் பூமியைக் காப்பாற்றக் கிளம்பவில்லை, நம்பகமாக வாயு வேண்டியிருந்தது என்று அப்போது பத்திரிகைகளிடம் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது. கிளம்பியிருந்தால் ஆலை இரண்டே வருஷத்தில் மூடியிருக்கும்.

ஆனால் இதை ஊரெல்லாம் செய்ய முடியாது. உலகம் முழுக்க ஆண்டுக்கு வாங்கிப் பயன்படுத்தும் கரியமில வாயுவே சுமார் 23 கோடி டன்தான்; அதில் பாதிக்கு மேல் யூரியாவுக்குப் போகிறது. எரிபொருள்களிலிருந்து வெளியே வருவதோ 3,700 கோடி டன். அப்புறம், வாங்கியவரும் அதைப் பூட்டி வைப்பதில்லை. யூரியாவை வயலில் போட்டால் வாயு திரும்பிவிடும். சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால் அங்கேயே கழன்றுவிடும். கெட்டதில்லை, ஆனால் இதைப் புதைத்ததோடு சேர்த்து எண்ணக் கூடாது.

காற்றிலிருந்து நேரடியாகப் பிடிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2024-ல் திறந்த மாமத் ஆலையின் திறன் ஆண்டுக்கு 36,000 டன், தூத்துக்குடி மின்நிலையத்தின் ஒன்றரை நாள். செலவு டன்னுக்கு ஆயிரம் டாலரை ஒட்டி. ஆராய்ச்சிக்குப் பணம் போடலாம். ஒரு மாநிலத்தின் திட்டச் செலவில் இதற்கு இடமில்லை.

எனவே நான் பணம் போடும் வரிசை இது: முதலில் சூரியனும் காற்றும் பேட்டரியும், கூடவே கிளிங்கரைக் குறைப்பது, அதற்குப் பிறகு அரியலூர் சிமெண்ட் சூளைகளில் பிடிப்பு ஆலை. கடைசி வேலைக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி: பிடித்ததை எங்கே புதைப்பது?

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கெட்டிப் பாறை. அதில் வாயு இறங்காது. படிவுப் பாறை இருப்பது கடலோரம், குறிப்பாகக் காவிரிப் படுகை. அரியலூருக்குப் பக்கம்தான். ஆனால் அது 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மாதக்கணக்கில் உட்கார்ந்த பூமி. 2020-ல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமான பூமி. அங்கே போய், எண்ணெய் எடுக்க வரவில்லை, வாயுவை உள்ளே விடத்தான் குழாய் பதிக்க வந்திருக்கிறோம் என்று எந்த அதிகாரி சொல்வார்? 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சடார்ஷியா என்ற சிற்றூர் அருகே கரியமில வாயுக் குழாய் வெடித்து 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான இடத்தில் தேங்கி, கார் இன்ஜின்கள்கூட நின்றுபோயின. டெல்டாக்காரர்கள் இதைத் தேடிப் படிக்காமல் இருக்கப்போவதில்லை.

நிலத்தை விட்டுவிட்டு, நார்வே மாதிரி கரைக்கு அப்பால் கடலடியில் இறக்கலாம். செலவு கூடும். மூட்டைக்கு 250 ரூபாய் என்று மேலே போட்ட கணக்கை அப்போது 300 என்று திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். வீட்டுக்கு இன்னும் இருபதாயிரம். அதை இப்போதே சேர்த்துத்தான் எஸ்டிமேட் போட வேண்டும்.